ஒரே சொல்லைக் கொண்டு சோதித்த இரண்டு கிரேக்க அகராதித் தளங்கள்

ஏதென்ஸ் விமான நிலையத்தில் இறங்கி நகருக்குள் செல்ல ரயிலைத் தேடுபவரின் கண்ணில் முதலில் படும் கிரேக்கச் சொற்களுள் ஒன்று ‘புரோஆஸ்தியாகோஸ்’. 2004ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிகளை முன்னிட்டு ஓடத் தொடங்கிய புறநகர் ரயில் சேவையின் பெயர் அது. அந்தப் பெயரடைக்குள் இருக்கும் பெயர்ச்சொல் ‘புரோஆஸ்தியோ’, அதாவது புறநகர். ‘முன்னே’ என்று பொருள்படும் ‘புரோ’வும், நகரைக் குறிக்கும் ‘அஸ்து’ என்ற பழஞ்சொல்லும் சேர்ந்து உருவான இச்சொல், கி.மு. ஐந்தாம் நூற்றாண்டிலேயே எழுத்தில் பதிவாகி, இன்றும் அன்றாட வழக்கில் இருக்கிறது. கிரேக்கம் கற்போருக்கென இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் இரண்டு அகராதித் தளங்கள் எவ்வளவு தூரம் உதவும் என்பதை இந்த ஒரு சொல்லை வைத்தே சோதித்துப் பார்த்து எழுதும் மதிப்புரை இது. ஒன்று, சிகாகோ பல்கலைக்கழகத்தின் ‘லோகெயோன்’. மற்றொன்று, தெசலோனிக்கியில் இயங்கும் கிரேக்க மொழி மையத்தின் ‘கிரேக்க மொழி வாயில்’ (இனி, சுருக்கமாக ‘வாயில்’).

இந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. இதன் இரண்டு உறுப்புகளும் வெளிப்படையாகத் தெரிவதால், தொடக்க நிலை மாணவர்கூட இதைப் பிரித்துப் பொருள் கொண்டுவிட முடியும். ஆனால் அப்படிப் பிரித்துக் கொள்ளும் பொருளுக்கும், வெவ்வேறு காலங்களில் மக்கள் இச்சொல்லால் உண்மையில் குறித்த இடங்களுக்கும் இடையே நீண்ட தொலைவு இருக்கிறது. ஓர் அகராதி பிரித்துக் காட்டுவதோடு நின்றுவிடுகிறதா, அந்தத் தொலைவையும் நம்மோடு சேர்ந்து கடந்து வருகிறதா என்பதே நான் வைத்த சோதனை. சொல்லின் இன்றைய பால், வேற்றுமை, உச்சரிப்பு ஆகியவற்றையும், அதன் பழைய ஆட்சிகளையும், வேரையும் மாணவர் வேறு யாரையும் கேட்காமல் கண்டடைய முடிய வேண்டும்.

முதலில் கிரேக்க மொழி வாயிலைப் பார்க்கலாம். 1994இல் நிறுவப்பட்ட கிரேக்க மொழி மையம் நடத்தும் இத்தளத்தில், தெசலோனிக்கி அரிஸ்டாட்டில் பல்கலைக்கழகத்தின் நவீன கிரேக்க ஆய்வு நிறுவனம் 1998இல் வெளியிட்ட பொதுமொழி அகராதி முழுமையாக இடம்பெற்றுள்ளது. 1941இல் வெளிவந்த நவீன கிரேக்க இலக்கணத்தின் ஆசிரியரான மனோலிஸ் திரியாந்தாஃபிலிதிஸின் பெயராலேயே அந்த நிறுவனமும் அகராதியும் அறியப்படுகின்றன. தேடு கட்டத்தில் சொல்லைத் தட்டினால், உச்சரிப்பைக் காட்டும் ஒலிக்குறியீடு, நடுப்பாலைக் காட்டும் ‘தோ’ என்ற சுட்டு, சொல் எந்த வாய்பாட்டின்படி வேற்றுமை ஏற்கும் என்பதைச் சொல்லும் எண், பொருள் விளக்கம், பயன்பாட்டுத் தொடர்கள், இறுதியில் சொற்பிறப்பு என்று ஒரே பத்தியில் எல்லாம் வந்துவிடும்.

அந்த வாய்பாட்டு எண்ணைப் புதியவர்கள் கவனிக்காமல் கடந்துவிடுவது வழக்கம். அப்படிச் செய்யக் கூடாது. எழுவாயில் ‘புரோஆஸ்தியோ’ என்று ‘ஆ’வின் மீது விழும் அழுத்தம், ஆறாம் வேற்றுமை ஒருமையில் ஓர் அசை தள்ளி ‘புரோஆஸ்தீயு’ என்று ‘தீ’யின் மீது வந்து அமர்கிறது. பன்மையில் ‘புரோஆஸ்தியா’ என்று அழுத்தம் பழைய இடத்துக்குத் திரும்பி, பன்மையின் ஆறாம் வேற்றுமையில் ‘புரோஆஸ்தீயோன்’ என்று மீண்டும் நகர்கிறது. கிரேக்கர்கள் ‘வடக்குப் புறநகர்களின் குடியிருப்பாளர்’ என்பது போன்ற தொடர்களை அடிக்கடி சொல்வதால், இந்த ஆறாம் வேற்றுமை வடிவம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். எழுவாய் வடிவத்தை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு அது வேறொரு சொல்லாகவே ஒலிக்கும். வாய்பாட்டு எண்ணைச் சொடுக்கிப் பார்க்கும் பழக்கம் இந்தக் குழப்பத்தை முளையிலேயே நீக்கிவிடும்.

இத்தளத்தின் பெருங்குறை அதன் மொழி. விளக்கங்கள் யாவும் கிரேக்கத்திலேயே உள்ளன. கிரேக்கர்களுக்காகத் தொகுக்கப்பட்ட அகராதி வேறு எப்படி இருக்க முடியும் என்று கேட்கலாம், அது நியாயமும்கூட. ஆனாலும் முதல் ஆண்டு மாணவர் இதை நேரடியாகப் பயன்படுத்துவது கடினம் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது. சில நூறு அடிப்படைச் சொற்களும் அகராதியின் சுருக்கக் குறிகளும் பழகிய பிறகு இதற்குள் நுழைவது நல்லது. குறிப்பாக, கற்றோர் எழுத்து மொழியின் வழியாக நவீன கிரேக்கத்துக்குள் வந்த சொற்களைச் சுட்டும் குறியை முதலிலேயே அறிந்துகொள்ள வேண்டும். மக்களின் வாய்மொழியில் அறுபடாமல் தொடர்ந்து வந்த சொல் எது, பழைய நூல்களிலிருந்து மீட்டுக்கொண்டு வரப்பட்ட சொல் எது என்பதை இந்த அகராதி அளவுக்குத் தெளிவாகப் பிரித்துக் காட்டும் இலவசச் சேவையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இனி லோகெயோன். அப்பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹெல்மா டிக்கின் முயற்சியில் 2011இல் தொடங்கிய இச்சேவை, கிரேக்கத்துக்கும் லத்தீனுக்குமான பல அகராதிகளை ஒரே தேடலுக்குள் கொண்டுவருகிறது. பண்டைய கிரேக்க அரங்கில் நடிகர்கள் நின்று பேசிய மேடையின் பெயரே தளத்தின் பெயராகியிருக்கிறது. கைப்பேசிச் செயலியாகவும் கிடைக்கிறது. ஒரு சொல்லைத் தேடினால், இடப்புறத்தின் பெரும்பகுதியில் அகராதிகளின் பதிவுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக விரியும். பக்கத்தில், அச்சொல் பழைய நூல்களில் எவ்வளவு அடிக்கடி வருகிறது, எந்த ஆசிரியர்கள் அதை மிகுதியாக ஆண்டிருக்கிறார்கள், மூல நூல்களில் அது வரும் வாக்கியங்கள் எவை என்ற விவரங்கள் தோன்றும்.

தேடும்போது ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். இன்று இச்சொல்லின் ஈற்று ‘ஓ’வுக்கு முன்னுள்ள ‘இ’ ஒலி ‘இயோத்தா’ என்ற ஓரெழுத்தால் எழுதப்படுகிறது. பண்டைய நூல்களிலோ ‘எப்சிலோன், இயோத்தா’ என்ற ஈரெழுத்துக் கூட்டாலும் எழுதப்பட்டிருக்கிறது. இன்றைய உச்சரிப்பில் இரண்டும் ஒரே ‘இ’ ஒலிதான். எனவே நவீன எழுத்துக்கூட்டில் தேடி எதுவும் கிடைக்கவில்லை என்றால், ஈரெழுத்து வடிவில் ஒரு முறை தேடிப் பார்க்க வேண்டும். அதேபோல் நவீன கிரேக்கம் 1982 முதல் ஒரே ஓர் அழுத்தக்குறியை மட்டும் இட்டு எழுதுகிறது. பண்டைய நூல்களின் பதிப்புகளில் மூன்று வகை அழுத்தக்குறிகளும், சொல் முதலில் வரும் உயிருக்கு மூச்சொலிக் குறிகளும் இருக்கும். இந்த வேறுபாட்டை அறியாதவர் வாயிலில் பார்த்த சொல்லும் லோகெயோனில் பார்க்கும் சொல்லும் ஒன்றுதானா என்று தயங்க நேரிடும்.

லோகெயோனின் முதுகெலும்பு லிடெல்–ஸ்காட்–ஜோன்ஸ் அகராதி. ஃபிரான்ஸ் பாசோவின் ஜெர்மன் அகராதியை அடித்தளமாகக் கொண்டு 1843இல் ஆக்ஸ்ஃபோர்டில் முதற்பதிப்பு வெளிவந்த இந்நூல், 1940இல் நிறைவுற்ற ஒன்பதாம் பதிப்பின் வடிவில்தான் இன்று பரவலாகப் பயன்படுகிறது. நம் சொல்லுக்கு அது தரும் முதற்பொருள், ‘நகருக்கு நேர் முன்னே அல்லது அதைச் சுற்றி இருக்கும் வெளி’ என்ற கருத்தில் அமைந்தது. வீடுகள் நிறைந்த புறநகர் என்ற எண்ணத்தோடு வரும் இன்றைய வாசகர் இங்கே சற்று நிற்க வேண்டும். முதலில் அது ஒரு வெளிதான். மதிலுக்கும் வயல்களுக்கும் இடைப்பட்ட நிலம். அங்கே வீடுகள் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

பொருளை விடவும், அதன் பின்னால் அடுக்கப்பட்டிருக்கும் மேற்கோள் எண்கள்தான் உண்மையான செல்வம். அவற்றைத் தொடர்ந்து மூல நூல்களுக்குச் சென்றால், பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸின் முதல் நூலில் சார்தீஸ் நகரின் புறவெளி நம் முன் விரிகிறது. பாரசீக அரசன் சைரஸோடு மோதிய லிதியா நாட்டு மன்னன் குரோய்சோஸ் தன் தலைநகரில் யோசனையில் ஆழ்ந்திருக்கும் வேளையில், நகரின் புறவெளி முழுவதும் பாம்புகளால் நிறைந்துவிடுகிறது. மேய்ந்துகொண்டிருந்த குதிரைகள் மேய்ச்சலை விட்டுவிட்டு அந்தப் பாம்புகளைத் தின்னத் தொடங்குகின்றன. பாம்பு மண்ணின் பிள்ளை, குதிரை அந்நியனும் பகைவனும், ஆகவே அந்நியப் படை வந்து மண்ணின் மக்களை அடக்கும் என்று தெல்மெஸ்சோஸ் நகரின் குறிசொல்வோர் பொருள் உரைக்கிறார்கள். அவர்களுடைய பதில் வந்து சேரும் முன்பே மன்னன் சிறைப்பட்டுவிடுகிறான். ‘புரோஆஸ்தியோ’வின் பண்டைய வடிவமான ‘புரோஆஸ்தியோன்’ குதிரைகள் மேயும் திறந்தவெளியைக் குறித்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. நகரை நெருங்கும் எந்த ஆபத்தும் முதலில் கால் வைக்கும் இடமும் அதுவே என்பதும் இக்கதையில் சேர்ந்தே வருகிறது. அதே ஆசிரியரின் மூன்றாம் நூலில், சாமோஸ் தீவில் மாயாந்திரியோஸ் என்பவர் விடுதலை அளிக்கும் சியுஸ் கடவுளுக்கு எழுப்பிய பலிபீடமும் அதன் வளாகமும் புறவெளியில்தான் இருப்பதாக ஒரு குறிப்பு உண்டு.

அடுத்த மேற்கோள் மற்றொரு வரலாற்றாசிரியரான துசிடிடீஸின் இரண்டாம் நூலுக்கு அழைத்துச் செல்கிறது. பெலொபொன்னேசியப் போரின் முதலாண்டில், கி.மு. 431இன் குளிர்காலத்தில், போரில் மாண்டவர்களுக்கு ஏதென்ஸ் நடத்திய பொது இறுதிச் சடங்கை விவரிக்கும் இடம் அது. பெரிக்ளிஸின் புகழ்பெற்ற இரங்கலுரைக்குச் சற்று முன்னே, மாண்டோரின் எலும்புகளைப் பொதுக் கல்லறையில் இடுவார்கள் என்றும், அது நகரின் மிக அழகிய புறவெளியில் உள்ளது என்றும் துசிடிடீஸ் எழுதுகிறார். மாரத்தோன் களத்தில் வீழ்ந்தவர்களை மட்டும் அவர்களின் வீரத்தைத் தனித்துப் போற்றி அந்தக் களத்திலேயே அடக்கம் செய்தார்கள் என்ற விதிவிலக்கையும் குறிப்பிடுகிறார். இங்கே புறவெளி என்பது திபிலோன் வாயிலுக்கு வெளியே இருந்த கெராமெய்கோஸ் பகுதி. குயவர்களின் பெயரால் அமைந்த அந்த இடத்தில் இன்று அகழ்வாய்வுத் தளம் ஒன்றும், அருகில் அதே பெயரில் ஒரு மெட்ரோ நிலையமும் இருக்கின்றன. பழைய புறநகர் இன்றைய நகரின் நடுப்பகுதியாகிவிட்டது. பிளேட்டோ கற்பித்த அகாதெமியையும், மரங்கள் அடர்ந்த ‘புறநகர்’ உடற்பயிற்சிக் கூடம் என்று இதே சொல்லால்தான் தத்துவஞானிகளின் வாழ்க்கையை எழுதிய தியோகெனீஸ் லயர்தியோஸ் அறிமுகப்படுத்துகிறார். அதுவும் இப்போது ஏதென்ஸ் மாநகராட்சியின் எல்லைக்குள் அடங்கிய ஒரு குடியிருப்புப் பகுதி.

இந்த இடங்களை எல்லாம் ஒரே தேடலின் தொடர்ச்சியாகப் போய்ப் பார்க்க முடிவதுதான் லோகெயோனின் தனிச்சிறப்பு என்று கருதுகிறேன். அகராதியின் சுருக்கமான மேற்கோள் எண்ணைப் பார்த்துவிட்டு நூலகத்தில் அந்தந்தப் பதிப்பைத் தேடி எடுக்க வேண்டியிருந்த காலத்தில், ஒரு மாணவர் இதற்கு எவ்வளவு நேரம் செலவிட்டிருப்பார் என்று எண்ணிப் பார்த்தால் இச்சேவையின் அருமை விளங்கும். மேற்கோள்களைத் திறந்து படிக்காமல் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியேறுபவர் இத்தளத்தின் பாதிப் பயனைக்கூடப் பெறுவதில்லை.

சொல்லின் இரண்டாம் உறுப்பான ‘அஸ்து’வைத் தனியே தேடும்போது லோகெயோனின் வளம் இன்னும் நன்றாகத் தெரிகிறது. மத்ரிதில் 1980 முதல் தொகுதி தொகுதியாக வெளிவரும் கிரேக்க–ஸ்பானிய அகராதி இன்னும் முற்றுப்பெறவில்லை. அகர வரிசையில் அது ‘எப்சிலோன்’ எழுத்தளவிலேயே நிற்பதால், ‘பீ’ எழுத்தில் தொடங்கும் நம் சொல் அதில் இல்லை. ஆனால் ‘ஆல்ஃபா’வில் தொடங்கும் ‘அஸ்து’ இருக்கிறது. ஹோமரின் காப்பியங்களுக்கென்றே ஆட்டென்ரீத் தொகுத்த சிறிய அகராதியும் இச்சொல்லுக்குப் பதிவு தந்து, அதன் பழைய வடிவை ‘வ’ ஒலிக்குரிய திகம்மா என்ற எழுத்தோடு காட்டுகிறது.

அந்த எழுத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கிரேக்கத்தின் பெரும்பாலான வட்டார வழக்குகளில் சொல் முதல் ‘வ’ ஒலி மிகப் பழங்காலத்திலேயே மறைந்துவிட்டது. ஆனால் ஹோமரின் செய்யுளில் அதன் தடம் நிற்கிறது. ‘நகரை நோக்கி’ என்று பொருள்படும் ‘புரோதி அஸ்து’ என்ற தொடரில் இகரமும் அகரமும் நேருக்கு நேர் சந்திக்கின்றன. வழக்கமாக இத்தகைய இடத்தில் முதல் உயிர் கெட வேண்டும். இங்கே கெடாமல் நிற்பதற்குக் காரணம், அச்செய்யுள் மரபு உருவான காலத்தில் இடையில் ஒரு வகரம் ஒலித்ததுதான். இரண்டு உயிர்கள் சேரும் இடத்தில் உடம்படுமெய் தோன்றும் இலக்கணத்தில் வளர்ந்த நமக்கு இது எளிதில் பிடிபடும். அங்கே நடந்தது இதன் மறுதலை, இருந்த மெய் போய் இடம் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

‘வஸ்து’ என்று அந்தப் பழைய வடிவை எழுதிப் பார்த்தவுடனேயே தமிழ் வாசகருக்கு ஒரு பொறி தட்டும். குடியிருக்கும் மனையைக் குறிக்கும் ‘வாஸ்து’ என்ற சமஸ்கிருதச் சொல்லும் இதுவும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பதுதான் நெடுங்காலமாக முன்வைக்கப்பட்டு வரும் கருத்து. ‘தங்கு, குடியிரு’ என்று பொருள்படும் இந்தோ–ஐரோப்பிய வேர் அது. தமிழில் வழங்கும் வசித்தல், வாசம், நகரவாசி முதலிய சொற்கள் சமஸ்கிருதத்தின் வழியாக அந்த வேரிலிருந்து வந்தவையே. நடு ஆசியாவின் மறைந்துபோன தொக்காரிய மொழிகளிலும் வீட்டைக் குறிக்கும் சொல் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. கிரேக்கத்தில் குறிலாகவும் சமஸ்கிருதத்தில் நெடிலாகவும் இருக்கும் உயிரைப் பற்றி அறிஞர்கள் விவாதித்திருக்கிறார்கள் என்றாலும், உறவை மறுப்பது எளிதல்ல. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ‘அஸ்து’ நவீன கிரேக்க உச்சரிப்பில் ‘ஆஸ்தி’ என்று ஒலிக்கும். நம் சொத்தைக் குறிக்கும் ‘ஆஸ்தி’யோடு அதற்குத் தொடர்பு ஏதும் இல்லை, அது ஒலியின் தற்செயல் மட்டுமே.

இந்த வேர்க்கதையை லோகெயோன் முழுமையாகச் சொல்வதில்லை என்பதைக் குறையாகவே பதிவு செய்கிறேன். அகராதிக்குள் சொற்பிறப்பு விவரங்களை மிகக் குறைந்த அளவுக்குச் சுருக்கிக்கொள்வது என்று லிடெல்–ஸ்காட்–ஜோன்ஸின் ஒன்பதாம் பதிப்பாசிரியர்கள் தெரிந்தே முடிவெடுத்திருந்தார்கள். அந்த முடிவு அக்கால நோக்கில் சரியாக இருந்திருக்கலாம். இன்று வேரைத் தேடி வரும் மாணவருக்கு அது போதாது. 1968 முதல் 1980 வரை வெளிவந்த ஷாந்திரேனின் பிரெஞ்சுச் சொற்பிறப்பியல் அகராதியையோ, 2010இல் இரண்டு தொகுதிகளாக வந்த ராபர்ட் பேகஸின் அகராதியையோதான் அவர் நாட வேண்டும்.

சொற்குடும்பத்தை அறிவதில் மட்டும் இரண்டு தளங்களையும் அருகருகே திறந்து வைத்துக்கொண்டால் கிடைக்கும் இன்பம் பெரிது. ‘அஸ்து’ என்பது மதிலும் தெருவும் வீடும் கொண்ட ஊர், ‘போலிஸ்’ என்பது குடிமக்களின் அரசியல் சமூகம் என்ற வேறுபாட்டை லோகெயோனின் பதிவுகளிலிருந்து பிரித்தறியலாம். கி.மு. 508–507இல் ஏதென்ஸின் அரசியல் தலைவர் கிளெய்ஸ்தெனீஸ், அந்நகரைச் சூழ்ந்த அத்திக்கா நாட்டைப் பிரித்தபோது நகர்ப்பகுதி, கடற்கரை, உள்நாடு என்று மூன்று வகையாக வகுத்து ஒவ்வொன்றிலும் பத்துப் பிரிவுகள் அமைத்தார். அங்கே நகர்ப்பகுதிக்கு உரிய பெயர் ‘அஸ்து’. கி.மு. 403இன் உள்நாட்டுப் போரில் எதிரெதிரே நின்ற இரு தரப்பினரும் ‘அஸ்துவினர்’ என்றும் ‘பிரேயஸ் துறைமுகத்தினர்’ என்றுமே அழைக்கப்பட்டனர். ஹோமரின் காப்பியத்தில் ட்ராய் நகர இளவரசன் ஹெக்டரின் மகனை ஊரார் அழைத்த ‘அஸ்தியானக்ஸ்’ என்ற பெயரிலும் இதே சொல்தான் உள்ளது. ‘நகரின் தலைவன்’ என்பது அதன் பொருள்.

அங்கிருந்து வாயிலுக்கு வந்தால், அதே வேரின் பிள்ளைகள் இன்றைய ஏதென்ஸின் தெருக்களில் நடமாடுவதைக் காணலாம். நகரப் பேருந்துக்கும் உரிமையியல் சட்டத் தொகுப்புக்கும் அடையாகும் ‘அஸ்திகோஸ்’, நடுத்தர வசதி படைத்த நகரவாசியைக் குறிக்கும் ‘அஸ்தோஸ்’, கிராமங்களை விட்டு நகரங்களை நாடும் போக்கைக் குறிக்கும் ‘அஸ்திஃபிலீயா’ என்று அந்த வரிசை நீள்கிறது. நகைச்சுவைத் துணுக்குக்கு வழங்கும் ‘அஸ்தீயோ’வும் இந்தக் குடும்பம்தான். நகரத்தாருக்குரிய நயமான பேச்சு என்ற பொருளில் தொடங்கி வேடிக்கைப் பேச்சு என்று முடிந்தது. நகர் என்ற சொல்லிலிருந்து நாகரிகம் கிளைத்த வழியை இது நினைவூட்டுகிறது. காவல்துறைக்கு வழங்கும் ‘அஸ்தினோமீயா’ இன்னும் சுவையானது. பண்டைய ஏதென்ஸில் ‘அஸ்துநோமோய்’ என்ற அதிகாரிகள் பதின்மர் இருந்தனர் என்றும், ஐவர் துறைமுகத்துக்கும் ஐவர் நகருக்கும் பொறுப்பேற்றனர் என்றும் ஏதெனியர் அரசமைப்பு பற்றிய அரிஸ்டாட்டிலின் நூல் கூறுகிறது. கட்டடங்கள் தெருவை ஆக்கிரமிக்காமல் பார்ப்பதும், கழிவு அள்ளுவோர் மதிலிலிருந்து 10 ஸ்தாதியா, அதாவது ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர், தொலைவுக்குள் கழிவைக் கொட்டாமல் காப்பதும் அவர்களின் கடமைகளுள் அடங்கும். நகருக்கு முன்னே இருந்த வெளியையும் நகரின் அதிகாரம் காத்துவந்தது என்பதற்கு இதுவே சான்று.

முதல் உறுப்பான ‘புரோ’வைப் பற்றி நீண்டு சொல்ல வேண்டியதில்லை. அக்ரோபோலிஸின் நுழைவு மண்டபமாக கி.மு. 437 முதல் 432 வரை கட்டப்பட்ட ‘புரோபிலாயா’வின் பெயரிலும், நூலின் முன்னுரையைக் குறிக்கும் சொல்லிலும் இதே ‘முன்’தான் இருக்கிறது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கத் தக்க ஒன்று உண்டு. லத்தீன் ‘சுபுர்பியும்’ என்பது நகரின் அடியை ஒட்டிய இடம் என்று பார்க்கிறது. பிரெஞ்சின் பழைய ‘ஃபோபூர்’ ஊருக்கு வெளியே என்று பார்க்கிறது. தமிழின் புறநகரும், மதுரைக்கு வெளியே கோவலனும் கண்ணகியும் தங்கிய பகுதியைச் சொல்லும் சிலப்பதிகாரத்தின் ‘புறஞ்சேரி’யும் உள், வெளி என்ற பிரிவில் நிற்கின்றன. கிரேக்கச் சொல்லோ வாயிலில் நிற்பவருக்கு எதிரே விரியும் நிலத்தைப் பார்க்கிறது. இந்த ஒப்பீட்டை இரண்டு தளங்களுமே செய்து தருவதில்லை. மாணவரே செய்துகொள்ள வேண்டும்.

இரண்டு தளங்களுக்கும் இடையே விழும் பெரிய பள்ளம் பைசாந்தியக் காலம். பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும், வெனிஸின் மார்சியானா நூலகச் சுவடியொன்றில் காக்கப்பட்ட வரிவிதிப்பு பற்றிய சிறு நூலில், ‘புரோஆஸ்தியோன்’ ஒரு வகைப் பண்ணை நிலத்தின் பெயராக வருகிறது. உடையவர் தாம் அங்கே குடியிருக்காமல், அடிமைகளையோ கூலியாட்களையோ வைத்துப் பயிரிடும் நிலம் அது. நகரை ஒட்டிய வெளி, நகர மாந்தரின் உடைமையாகி, பிறகு நகரிலிருந்து எவ்வளவு தொலைவில் இருந்தாலும் அதே பெயரைத் தாங்கியிருக்கிறது. ஒரு சொல்லின் வாழ்வில் இது மிக முக்கியமான திருப்பம். லோகெயோனின் கிரேக்க அகராதிகள் முதன்மையாகப் பண்டைக் காலத்துக்கு உரியவை. வாயிலில் இருக்கும் கிரியாராஸின் இடைக்கால அகராதிச் சுருக்கம் 1100 முதல் 1669 வரையிலான மக்கள் மொழி இலக்கியத்துக்கு உரியது. நிலவரி ஆவணங்களின் கலைச்சொற்களை அறிய விரும்புவோர் பைசாந்திய வரலாற்றாசிரியர்களின் நூல்களைத்தான் நாட வேண்டியிருக்கும்.

இன்றைய சமூகப் பொருளையும் அகராதிப் பதிவை மட்டும் நம்பிக் கற்றுவிட முடியாது. ஏதென்ஸ்வாசி ஒருவர் ‘வடக்குப் புறநகர்கள்’ என்று சொன்னால், அத்தொடரில் திசையை விடவும் செல்வம் அதிகமாகத் தொனிக்கும். கிஃபிசியா, எகாலி, ஃபிலோதெய் போன்ற ஊர்கள் கேட்பவரின் நினைவுக்கு வரும். கிஃபிசியாவுக்கு 1885இலேயே நீராவி ரயில் ஓடியது. ‘விலங்கு’ என்று மக்கள் அதற்குப் பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். வசதியுள்ளோர் கோடையைக் கழிக்கச் சென்ற ஊர் அது. இதே ‘புரோஆஸ்தியோ’ என்ற சொல்லுக்குள், 1922இல் சின்ன ஆசியாவிலிருந்து துரத்தப்பட்ட அகதிகள் குடியேறி உருவாக்கிய நேயா இயோனியா, நேயா ஸ்மிர்னி, கேசரியானி ஆகியவையும் அடங்குகின்றன. இழந்த ஊர்களின் பெயரோடு ‘புதிய’ என்று பொருள்படும் ‘நேயா’வைச் சேர்த்து அவர்கள் வைத்த பெயர்கள் இன்றும் ரயில் நிலையப் பலகைகளில் இருக்கின்றன. செய்தித்தாள்களையும் வீட்டு விற்பனை விளம்பரங்களையும் படிக்கப் படிக்கத்தான் இந்த நுட்பங்கள் கைவரும்.

லோகெயோனின் வேறு சில வரம்புகளையும் சொல்லிவிட வேண்டும். அதன் முதன்மை அகராதி ஆசிரியர் பெயர்களையும் நூற்பெயர்களையும் கடுமையாகச் சுருக்கி எழுதுகிறது. பழகும் வரை ஒரு பதிவைப் படிப்பதே தனிப் பயிற்சியாக இருக்கும். அகராதிகளுக்குள் ஆங்கிலத்தோடு ஸ்பானியமும் கலந்து வருவதால், ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் சில பதிவுகளைத் தாண்டிச் செல்ல நேரிடும். பண்டைய கிரேக்கத்துக்கான தளம் என்பதால் இன்றைய உச்சரிப்பை அதனிடம் எதிர்பார்க்க முடியாது. அதற்கு வாயிலின் ஒலிக்குறியீட்டையும், தாய்மொழியாளர்கள் குரலில் சொற்களைப் பதிவு செய்து தரும் ‘ஃபோர்வோ’ போன்ற தளங்களையும் பயன்படுத்தலாம்.

நவீன கிரேக்கத்தைப் பேசக் கற்பவர் வாயிலைத் தம் முதன்மை அகராதியாக வைத்துக்கொண்டு, வேரையும் பழைய ஆட்சியையும் அறிய ஆவல் எழும்போது மட்டும் லோகெயோனுக்குச் செல்வது பொருத்தம். பண்டைய இலக்கியம் படிப்பவருக்கு லோகெயோனே நாள்தோறும் துணை. அவர் வாரம் ஒரு சொல்லையாவது வாயிலில் தேடி, அது இன்று எப்படி வழங்குகிறது என்று பார்த்தால் நூல்மொழியும் வழக்குமொழியும் அவருக்குள் இணைந்து வளரும். நம் சொல்லை இந்த முறையில் படிக்க விரும்புவோர் வாயிலில் ‘புரோஆஸ்தியோ’வின் வாய்பாட்டை முதலில் பார்த்து, லோகெயோனில் ஈரெழுத்து வடிவத்தைத் தேடி, ஹெரோடோட்டஸ், துசிடிடீஸ் மேற்கோள்கள் இரண்டையும் மொழிபெயர்ப்போடு படித்துவிட்டு, அதன் பிறகு ‘அஸ்து’வுக்குப் போகலாம். ஆட்டென்ரீத்தின் பதிவு ஒன்றிரண்டு வரிகளே என்பதால், அங்கே அதிலிருந்து தொடங்குவது எளிது.